கருவாட்டில் உப்பு உண்டு

கல்யாணமான ஏழாவது மாதம், பாம்பன் தீவில், அக்காள்மடத்து வாடகை வீட்டின் கொல்லையில் நின்றுகொண்டு என் மனைவி எனக்கு ஒரு தகவல் சொன்னாள்.

"இந்த மணல்ல ஒரு கத்திரிக்காயாவது காய்க்கட்டும். காய்ச்சா இருக்கேன். இல்லாட்டி அய்யா வரும்போது அவுககூட ஊருக்குப் போறேன். ஒங்களுக்கு மாத்தல் வந்தப்பெறகு சொல்லி அனுப்புங்க, வாரேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அதற்கு வேண்டிய வாக்கியங்கள் என்னிடம் தயாராக இருந்தன, நிறையப் படித்தவன். ஆனால் அவள் காய்ந்த துணியை மடித்தபடியே, நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம். நான் அந்தத் தீவில் போர்டு பள்ளிக்கூட வாத்தியார். மாற்றல் கேட்டு மனுப் போட்டவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்த கதைகள் எங்கள் ஓய்வு அறையில் உண்டு. ஆகவே அவள் சொன்னதன் பொருள் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆர்.எஸ்.மங்கலத்துக் கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கணுக்கால் வரை சேற்றோடு இருந்தவள். அவளைக் கொண்டுவந்து நான் வெள்ளை மணலில் இறக்கியிருந்தேன். காற்று அடித்தால் சோற்றில் மணல், பாயில் மணல். நான் பள்ளிக்கூடம் போனபின் மாலை வரை அவள் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? நான் என் புத்தகங்களைப் படிக்கச் சொன்னேன். ஒரு வாரம் படித்தாள். "இதுல யாருமே வேலை பாக்க மாட்டேங்குறாகளே?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த கத்திரி விதையை நாற்றுவிட்டு, புரட்டாசியில் மூன்று பாத்தியில் பதினெட்டுச் செடி நட்டாள். ஐப்பசி பிறக்கும்போது அவை ஒரு சாண் உயரத்தில், வளர்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றன. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பிறகு அதற்கு மேல் இலைகள் மஞ்சளாயின. காமாலை வந்த பதினெட்டுப் பேர் வரிசையில் நிற்பதுபோல் இருந்தது. மாமனார் மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கைக்குப் போய்விட்டு, சாமிக்குச் சாத்திய சந்தனத்தோடு நேரே இங்கே வருவதாகக் கார்டு போட்டிருந்தார். கணக்குப் பார்த்தால் எனக்கு இரண்டே மாதம்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில் படித்தவன் என்ன செய்வான்? மேலும் படிப்பான். பள்ளிக்கூட அலமாரியில் விவசாய இலாகாவின் துண்டுப் பிரசுரம் ஒன்று கிடந்தது. அடி இலை முதலில் மஞ்சளித்தால் மண்ணில் தழைச்சத்துக் குறைவு என்று அதில் போட்டிருந்தது. மணலில் தழைச்சத்துத் தங்காது, ஒரு மழைக்குக் கரைந்து கீழே இறங்கிவிடும் என்றும் போட்டிருந்தது. இதற்குப் பரிகாரம், பயறு வகைப் பயிரை விதைக்க வேண்டியது. அது காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டியது. என்னிடம் ஏர் இல்லை. இருந்தாலும், அந்தக் கொல்லையில் மாடு திரும்புவதென்றால் அடுப்படிக்குள் போய்த்தான் திரும்பி வர வேண்டும்.

ஆனாலும் பாத்திகளுக்கு நடுவில் தட்டைப்பயறு ஊன்றினோம். நன்றாகவே முளைத்தது. தீவின் ஆடுகளுக்கு இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, ஒரு மத்தியானம் பனைமட்டை வேலியைத் தள்ளிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, ஒரு இலை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போயின. கத்திரிச் செடிகளை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லாமல் விட்டுவிட்டன. அந்த அவமானம் என் மனைவியை ரொம்பப் பாதித்தது என்று நினைக்கிறேன். "ஆடுகூட வேண்டாங்குது பாருங்க" என்றாள்.

இனிப் பயறு விதைத்துப் பூக்கக் காத்திருக்க நாளில்லை. சாணத்துக்கு அலைந்தேன். தீவில் மாடே குறைவு. இருந்த மாடுகளின் சாணமெல்லாம் விழுவதற்கு முன்பே வறட்டிக்கென்று பேசி முடிந்திருந்தது. கடைசியில் லீவு போட்டு ராமநாதபுரம் போனேன். அங்கே அமோனியா உரம் மூட்டை மூட்டையாக வந்திருப்பதாகக் கேள்வி. உரம் கொடுக்கும் இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்.

"பட்டா கொண்டாந்தீகளா?"

"பட்டா இல்லீங்க. வாடகை வீடு."

"குத்தகையா? எத்தனை ஏக்கர்?"

"மூணு பாத்தி."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், இது நெல்லுக்கு வந்தது. கத்திரிக்கா திங்கணும்னா கடையில வாங்கித் திங்கக் கூடாதா?"

அவரிடம் என் குடும்ப விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வரிசையில் எனக்குப் பின்னால் பன்னிரண்டு வயல்காரச் சம்சாரிகள் நின்றார்கள். சொல்லவில்லை.

திரும்பும்போது ரயிலில் எதிரே ஒரு கருவாட்டு வியாபாரி உட்கார்ந்திருந்தார். மண்டபம் தாண்டுவதற்குள் பேச்சு எப்படியோ உரத்துக்கு வந்துவிட்டது. நான்தான் கொண்டுவந்திருப்பேன், அந்த நாட்களில் நான் எந்தப் பேச்சையும் மூன்றாவது வாக்கியத்தில் உரத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

"உரத்துக்கா இம்புட்டு அலையிறீக?" என்றார் அவர். "எங்க களத்துல கூட்டி அள்ளுற தூளு, செதிலு, தலை, வாலு, அம்புட்டையும் தோப்புக்காரவுகதான் அள்ளிட்டுப் போறாக. மரம் சும்மா கருகருன்னு நிக்கும். ஆமா, ஒங்களுக்கு எதுக்கு?"

இங்கேதான் நான் தவறினேன். வாத்தியார், நெற்றியில் திருநீறு, தலைமுறை தலைமுறையாகச் சைவம். கத்திரிக்காய்க்குக் கருவாடு கேட்கிறான் என்று நாளைக்குப் பாம்பன் முழுவதும் சிரிக்கும் என்று பயந்தேன்.

"தென்னைக்கு" என்றேன்.

"அப்பச் சரி. பாம்பன்ல எறங்கி வாங்க, ஒரு சாக்கு தாரேன்."

களத்தில் அவர் சாக்கை நிரப்பும்போது நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மூச்சையும் முடிந்தவரை பிடித்துக்கொண்டேன். அவர் எதையோ விளக்கிச் சொன்னார். நான் மூச்சை விடாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

கருவாடு என்பது உப்பில் ஊறப்போட்டுக் காயவைத்த மீன். தமிழ்நாட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. எனக்கு முப்பத்தொரு வயது, இலக்கணத்தில் என்னை அசைக்க ஆளில்லை, இது தெரியாது. மீன் காய்ந்தால் தானாகக் கருவாடாகிவிடும், நெல்லை வெயிலில் போடுவதுபோல என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே உச்சரிக்க மாட்டார்கள். உச்சரிக்காத பொருளில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று யாரிடம் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"என்ன இது?"

"சர்க்கார் உரம்."

"சர்க்காரு ஒரம் இப்படியா நாறும்?"

"வெளிநாட்டுச் சரக்கு" என்றேன்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். என் மேல் அவளுக்கு அப்போது நம்பிக்கை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பதினெட்டுச் செடிக்கும் ஒவ்வொரு கைப்பிடி, பிறகு ஆர்வத்தில் இன்னொரு கைப்பிடி என்று நானே வைத்து மூடினேன். அவள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் இலை ஓரங்கள் கருகின. ஐந்தாம் நாள் எட்டுச் செடி தலை சாய்ந்தது. வார முடிவில் பதினோரு செடி போயிற்று. மிச்சம் ஏழும் போகிறதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தன. நான், "உரம் கொஞ்சம் காரம் போலிருக்கிறது" என்றேன். அன்று மாலையே ஒரு பூனை பாத்தியைப் பிறாண்டி, வெளிநாட்டுச் சரக்கை வாயில் கவ்வி எடுத்தது. வாயும் கண்ணும் முழுதாக இருந்த ஒரு மீன் தலை. அதை நேரே கொண்டுபோய் என் மனைவி உட்கார்ந்திருந்த படிக்கட்டில் வைத்துத் தின்றது.

அவள் பூனையை விரட்டவில்லை. தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். பரண் மேலிருந்த அவளுடைய தகரப்பெட்டி தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

நான் நிலைப்படியில் போய் நின்றேன். "சைவக் குடும்பத்துப் பொண்ணு, ஒனக்கு ஒவ்வாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"மீனைப் பொதைச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல." சேலையை மடித்து வைத்துக்கொண்டே பேசினாள். "எங்கிட்டச் சொல்லாமப் பொதைச்சீகளே, அதுக்குத்தான். சொல்லியிருந்தா நாலு பேருகிட்ட வெவரம் கேட்டிருப்பேன்ல? பதினோரு செடி. எங்காத்தா குடுத்த வெதை."

நான் மெல்லக் கொல்லைப் பக்கம் நழுவினேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா அப்போதுதான் குரல் கொடுத்தார். அந்த அம்மாவின் கணவர் கொழும்பில் வியாபாரம். வருஷத்துக்கு இரண்டு தடவை தலைமன்னார்க் கப்பலில் வந்து போவார். அதுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு ஒன்றுமில்லை. நாங்கள் சைவம், மீன் வாடைக்கு முகம் சுளிப்போமோ என்று அந்த அம்மா ஒதுங்கியிருந்தார். அவர் ஒதுங்குகிறாரே என்று இவள் ஒதுங்கியிருந்தாள். அவருடைய கொல்லையில் கத்திரியும் முருங்கையும் கரும்பச்சையாக நின்றதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. பிரசுரத்தில் அப்படி ஒரு வழி போட்டிருக்கவில்லை.

"தங்கச்சி, என்னத்தம்மா போட்டீக செடிக்கு? கருவாட்டு வாடையில்ல அடிக்குது?"

என் மனைவி வெளியே வந்து, "அதத்தான் போட்டிருக்காக" என்றாள்.

"கருவாட்டுத் தூளா? யா அல்லா! அம்புட்டும் உப்பில்ல! உப்பைத் தென்னை தாங்கும், கத்திரிப் பச்சப்புள்ள தாங்குமா? யாரு செஞ்ச வேலை?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு மேலாக அந்த அம்மாவும் எட்டிப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்த ஏழு மாதத்தில் என் மனைவி சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காரணம் நான் என்ற அளவில் அதில் எனக்கும் பங்குண்டு.

"பச்ச மீன் கழுவுன தண்ணி ஊத்தணும் தங்கச்சி. நான் வேற என்னத்தப் போடுறேன்? மிச்சத்தத் தினமும் கீழதான் கொட்டுறேன். ஒங்களுக்குச் சங்கடமில்லைன்னா ஒரு பானையில பிடிச்சு வைக்கிறேன்."

என் மனைவி யோசித்தது ஒரு கணம்தான். "வையுங்கக்கா. இவுக வந்து எடுத்துக்கிருவாக."

அப்படித்தான் என் தண்டனை தீர்மானமாயிற்று. முதல் இரண்டு நாள் அவள் சொல்லச் சொல்ல நான் பாத்திகளின் மேல்மணலை அள்ளிக் கொட்டிவிட்டு நல்ல மணல் நிரப்பினேன். ஏழு செடிக்கும் குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கீழே இறக்கினோம். மணல் எதையும் தங்கவிடாது என்ற அதே குணம் இதில் உதவியாகிவிட்டது. பிறகு மழையும் இறங்கி மிச்சத்தைக் கழுவியது. அதன் பின்தான் பானை.

வேலியில் ஒரு மட்டையை விலக்கி, காலையில் அந்த அம்மா பானையை வைத்துவிட்டு, "சாரு, தயாரு!" என்பார். இரத்தமும் செதிலுமாக இருக்கும் தண்ணீரை நான் சிவ சிவா என்று சொல்லிக்கொண்டே தூக்கி வருவேன். ஒரு பானைக்கு மூன்று பானை கிணற்றுத் தண்ணீர் கலக்க வேண்டும். இலையில் ஒரு சொட்டுப் படக் கூடாது. செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கீறி, அதில் ஊற்றி மணலால் மூட வேண்டும். குடலும் தலையும் வந்தால் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்து, மேலே கருவேல முள்ளை வெட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் பூனை வரும். நிறைய ஊற்றினால் மழைக்குக் கரைந்து வீணாகிவிடும். கொஞ்சமாக, நாள் தவறாமல் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசி முடிவு செய்தார்கள். என்னை ஆலோசிக்கவில்லை.

கார்த்திகையில் புயலோடு வாடைக்காற்று அடித்து நாலு நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. மீன் இல்லை, எங்கள் கத்திரிக்கும் விரதம். அந்த நாலு நாளும் பானை காலியாகவே இருந்தது, ஆனாலும் என் மனைவி வேலியோரம் போய் நின்றாள். அக்கா என்றது எப்போது அந்த வீட்டு வழக்கப்படி ராத்தா என்று மாறிற்று என்று நான் கவனிக்கவில்லை.

இருபது நாளில் நுனியில் வந்த புதிய இலை பச்சையாக வந்தது. அடுத்தது அதைவிடப் பச்சை. கார்த்திகைக் கடைசியில் ஊதாப் பூ. "மாஷா அல்லா!" என்றார் அந்த அம்மா, கண்ணேறு படக்கூடாதென்று உடனே எச்சில் துப்புவதுபோல் பாவனை செய்தார். பிஞ்சு இறங்கிக் காயானதும், முதல் காயை என் மனைவி பறித்து அந்தப் பானைக்குள் வைத்து வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். மூன்றாவது செடியில் இருந்த பெரிய காய் ஒன்றில் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. அதுவும் கண்ணேறுக்காக என்று எடுத்துக்கொண்டேன். தகரப்பெட்டி மட்டும் பரணுக்குத் திரும்பவில்லை. சுவரோரம் தரையிலேயே, நிரம்பியபடியே இருந்தது. அதைப்பற்றி அவளும் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

திருவாதிரை முடிந்த மறுநாள் மாமனார் வந்து இறங்கினார். ஒரு கையில் சந்தனப் பொட்டலம், மறு கையில் அரிசி மூட்டை, தோளில் ஒரு பை. பையில் ஊர்க் கத்திரிக்காய்; பெண் பாவம், மணலில் என்ன கிடைக்கப் போகிறது என்று கொண்டுவந்திருந்தார். கொல்லைக்குப் போய் ஏழு செடியையும் பார்த்தார். இலையைப் புரட்டிப் பார்த்தார். சிவப்புத் துணி கட்டிய காயருகே சற்று நேரம் நின்றார். பையைத் திறக்காமல் திண்ணைச் சுவரோரம் வைத்துவிட்டார்.

மத்தியானம் எங்கள் கத்திரிக்காயில் குழம்பும் பொரியலும். மனிதர் மூன்றாவது தடவை பொரியல் வாங்கிக்கொண்டார்.

"என்னம்மா ஒரம் போட்ட? எல கன்னங்கரேல்னு நிக்குது?"

எனக்குப் புரையேறியது. "சர்க்கார்..." என்று ஆரம்பித்தேன்.

"மீன் கழுவுன தண்ணிய்யா" என்றாள் அவள், ரசத்தைக் கலக்கிக்கொண்டே.

அவர் கை இலையிலேயே நின்றது. அதற்கு முந்தின நாள் காலையில் நடராஜர் சந்நிதியில் நின்ற மனிதர். நான் என் இலையின் நரம்புகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிப்பதற்குள் அவர் கேட்டார்.

"எந்த மீனு?"

அவளுக்கு அது தெரியவில்லை. கொல்லைப்புறம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ராத்தா! எங்கய்யா கேக்குறாக. என்ன மீனு?"

"சூடையும் காரலும்தான் தங்கச்சி! ஏன், அய்யாவுக்கு வேணுமாமா?"

மாமனாரின் உடம்பு குலுங்கியது. கோபம் என்று நினைத்து நான் எழுந்திருக்கப் பார்த்தேன், சிரிக்கிறார். சிரித்து முடித்து, தண்ணீர் குடித்து, என் பக்கம் சாய்ந்து, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல் சொன்னார்: "மாப்பிள்ளை, மூணு வருஷமா நம்ம வயலுக்கு எலும்புத்தூளு போட்டுக்கிட்டு இருக்கேன். ஒங்க கல்யாணச் சோறே அந்த நெல்லுதான். இவ ஆத்தாளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சர்க்காரு ஒரம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அய்யா, ஆத்தாகிட்டச் சொல்லிருங்க" என்றாள் அவள். "பின்னால தெரிஞ்சா சங்கடம்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததற்கு நன்றியாக இருந்தது.

கை கழுவியபின் அவர் துண்டில் துடைத்துக்கொண்டே சுவரோரம் இருந்த பெட்டியைப் பார்த்தார். எதைக் கேட்பாரென்று நான் பயந்தேனோ அதைக் கேட்டார். "கட்டி வச்சிருக்கபோல. நாளைக்கு ரயிலுக்குக் கெளம்புவமா?"

ஒன்றரை மாதமாக நான் பானை சுமந்தது இந்த ஒரு கேள்விக்கான பதிலுக்காக. நான் சாப்பிட்ட இலைகளை மெதுவாக மடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லய்யா" என்றாள். "மூணாம் செடியில வெதைக்குக் காய் விட்டிருக்கேன். அது மஞ்சளாப் பழுக்கணும், வெதை எடுத்துக் காயப்போடணும். ஆடிக்கு மறுபடி நாத்து விடணும்ல?"

அவர் தலையை ஆட்டினார். விவசாயி, அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் அதைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிய எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் அவர் தனியாக ரயிலேறினார். கொண்டுவந்த பையிலேயே எங்கள் காய்கள் போயின. அவர் கொண்டுவந்தவை வேலிக்கு அந்தப் பக்கம் போயின. ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோது பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது, சேலைகள் கொடியில் தொங்கின. உட்காரலாம் என்று பார்த்தேன். வேலிப்பக்கமிருந்து குரல் வந்தது.

"சாரு, தயாரு!"